கோழிக் கொட்டகைக்கு ஒரு வைஃபை பெட்டி

என் தம்பி பெண்டாட்டி அக்சிலியா மிக்சியை ஒரே மூச்சில் ஓட்டி நான் பார்த்ததில்லை. தேங்காயைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள், அணைப்பாள், தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள், அதற்குப் பிறகுதான் அடுத்த சுற்று. வீட்டில் டிவி இருக்கிறது. சத்தம் வைக்கமாட்டாள். தோட்டத்தின் கோடியில் இருக்கும் கோழிக் கொட்டகையில் ஆளுயர விசிறிகள் ஓடுகிற இரைச்சல் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அது விழுகிற வரைக்கும்தான் அவள் மூச்சு விடுவாள். “இதெல்லாம் ஒரு பொழப்பா?” என்று நான் எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். சிரிப்பாள், திரும்பவும் காது கொடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம் மாதா கோவிலுக்கு வந்தாலும் கடைசி வரிசையில் கதவோரமாக நிற்பாள். சாமியார் பிரசங்கம் வைக்கும்போது இவள் முந்தானைக்குள் போனை வைத்துக்கொண்டு, கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அத்தாயியிடம் “ஓடுதா?” என்று கிசுகிசுப்பாள். அத்தாயி “ஓடுதுங்க” என்பாள். நற்கருணை வாங்கின கையோடு வண்டியைக் கிளப்பிவிடுவாள்.

இவள் பயந்தாங்கொள்ளியாகப் பிறந்தவள் இல்லை. கல்யாணமான புதிதில் கிணற்றுக்குள் விழுந்த ஆட்டுக்குட்டியைத் தானே கயிறு கட்டி இறங்கித் தூக்கி வந்தவள். என் தம்பி பிரான்சிஸ் நாமக்கல்லில் இருந்து கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டுகிறவன். ஒரு மழையில் வாளையார் தாண்டி லாரி சறுக்கிக் கவிழ்ந்தது. உயிர் தப்பியது பெரிய விஷயம். தலையில் கட்டோடு வந்து நின்றவனைப் பார்த்து அக்சிலியா அழவில்லை, கத்தவில்லை. “இனி லாரி வேண்டாம். நீங்க ஊட்டுல இருக்கோணும். அதுக்கு என்ன செய்யோணுமோ நான் செய்யறேன்” என்றாள். அப்படிப் பிறந்ததுதான் இந்தக் கொட்டகை. கம்பெனிக்காரர்களிடம் அலைந்து பேசிக் குஞ்சு வாங்கியது அவள்தான். பிரான்சிஸ் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான்: ரெண்டு பேட்ச் கோழி சேதாரமில்லாமல் கம்பெனி வண்டியில் ஏறிவிட்டால் லாரிச் சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்று. முதல் பேட்ச் நன்றாக ஏறியது. இது இரண்டாவது. கோழியெல்லாம் வளர்ந்து கனத்து, வண்டி ஏறுகிற பருவத்தில் இருந்தன.

அதற்குள்தான் பக்கத்துத் தோட்டத்து மதனுக்கு அந்தக் கதி வந்தது.

இந்தக் காலத்துக் கோழிக் கொட்டகை நாலு பக்கமும் அடைத்தது. ஒரு பக்கம் தண்ணீர் வழியும் அட்டைச் சுவர், எதிர்ப்பக்கம் விசிறிகள். விசிறி காற்றை இழுத்தால் உள்ளே குளிர்ச்சி. விசிறி நின்றால் அது கொட்டகை இல்லை, மூடி போட்ட இட்லிக் குண்டான். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓட வேண்டும். மதன் கொட்டகையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடவில்லை, அவன் ஒரு காதுகுத்துக்குப் பனமரத்துப்பட்டி போயிருந்தான். வந்து கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லையாம். செத்த கோழிகளை அள்ளிப் போட ஆள் பற்றாமல் அக்சிலியாவும் போனாள். “செத்தும் சூடு ஆறல அண்ணி, அள்ள அள்ள வெதுவெதுன்னே இருந்துச்சு” என்று எனக்குப் போனில் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தாலும் ஒரு காது விழித்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்து, போன மாதம் பார்த்தபோது எனக்கே பகீரென்றது.

அவள் கொட்டகையில் விசிறியையும் சூட்டையும் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோல் பெட்டி, வைஃபை கிடைத்தால் போனுக்கே அபாயச் சங்கு ஊதுமாம். சூடு ஏறினாலும் ஊதும், கரண்ட் போனாலும் ஊதும். ஆனால் வீட்டு ரவுட்டரின் வைஃபை மோட்டார் ரூமைத் தாண்டாது. போன் டவரும் கொட்டகை இருக்கும் பள்ளத்தில் இருந்தும் இல்லாத கணக்குத்தான். கொட்டகையில் இன்னொரு ரவுட்டர் வைத்து, வீட்டில் இருப்பதோடு ஒயரால் இணைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். எலி கடிக்காமல் இருக்க பிரான்சிஸ் குழாய் புதைத்து ஒயரை இழுத்து வைத்துவிட்டு லோடுக்குப் போய்விட்டான். மீதி வேலைக்கு என்னைக் கூப்பிட்டாள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைனில் மனு போட்டுக் கொடுக்கிறேன். அதனால் கம்ப்யூட்டரில் நான் பெரிய புலி என்று அவளுக்கு எண்ணம். எனக்கும் கொஞ்சம் உண்டு.

போய் இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “அண்ணி, தலைக்கு ஊத்திக்கிட்டு வந்துருங்க.” என் சேலையை வாங்கி வெளியே கொடியில் போட்டுவிட்டு அவளுடைய நைட்டியைக் கொடுத்தாள். நாத்தனார் என்ற மரியாதையெல்லாம் கோழிக்கு முன்னால் செல்லாது. நோய் சேலையில் ஒட்டிக்கொண்டு வருமாம்.

அதோடு விட்டாளா? இன்டர்நெட் ஆள் ஜீவானந்தம் பைக்கில் வந்து கேட்டில் நின்றதும் ஓடிப் போய் மறித்தாள்.

“ஏனுங்க, காத்தால வேற எங்கயாச்சும் பண்ணைக்குப் போனீங்களா?”

“ஆமாங்க. அடுத்த ஊருல ஒரு பண்ணைக்குக் கேமரா மாட்டிட்டு நேரா இங்கதானுங்க வாரேன்.”

“அப்படின்னா உள்ள வராதீங்க.”

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. “ஏம்புள்ள, வெயில்ல வந்த மனுசன வாசல்லயே நிறுத்தறதா? அவரு இல்லாம யாரு மாட்டறது?” என்றேன். ஆனால் ஜீவானந்தம் முகம் சுளிக்கவில்லை. ஒரு பண்ணைக்குள் போன கால் அன்றைக்கு இன்னொரு பண்ணைக்குள் போகக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம். சொந்த மாமனாராக இருந்தாலும் கேட்டோடு சரி. “அதுஞ் சரிதானுங்க. நான் மரத்தடியில ஒக்காந்து போன்ல சொல்றேன், அக்கா மாட்டட்டும்” என்று வேப்ப நிழலில் பைக்கைப் போட்டுவிட்டார். அடுத்த நாள் வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் இன்னொரு நாள் சங்கு இல்லாமல் கழிக்க அக்சிலியாவுக்குத் துணிச்சல் இல்லை.

ஆக, நான்தான் மாட்டினேன். ஹாலில் உட்கார்ந்து புது ரவுட்டரை என் லேப்டாப்பில் செருகினேன். போனில் ஜீவானந்தம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“மொதல்ல அதோட நம்பர மாத்துங்க. ரெண்டு பொட்டியும் கடையில இருந்து வரும்போது ஒரே நம்பர்லதான் வரும். ஒரே தெருவுல ரெண்டு ஊட்டுக்கு ஒரே கதவு நம்பர் இருந்தா தபால்காரன் எங்கீங்க போவான்?”

மாற்றினேன்.

“அடுத்து, வந்து சேர்ற போனுக்கெல்லாம் நம்பர் குடுக்கற வேலய புதுப் பொட்டி பார்க்கக் கூடாதுங்க. அத ஊட்டுப் பொட்டி மட்டும் பார்க்கட்டும். ரெண்டும் குடுத்தா அடிதடி ஆயிரும்.”

அதையும் அணைத்தேன். வைஃபை பெயரையும் ரகசியச் சொல்லையும் வீட்டில் இருப்பது போலவே வைக்கச் சொன்னார், வைத்தேன். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று காட்டிக்கொண்டேன். பக்கத்தில் அக்சிலியா கையில் மருந்து ஸ்ப்ரேயோடு நின்றாள். கொட்டகைக்குள் போகிற எந்தப் பொருளாக இருந்தாலும் மருந்து அடித்துத்தான் அனுப்ப வேண்டுமாம். ரவுட்டர் மேல் அடிக்கப் போனவளை ஓங்கி ஒரு சத்தம் போட்டேன். பாவம், துணியில் நனைத்து குழந்தைக்குக் கை கால் துடைக்கிற மாதிரி துடைத்தாள்.

கொட்டகை வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு கன்ட்ரோல் ரூமுக்குள் போனோம். கதவுக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் கோழிகள், விசிறி இரைச்சல், மூக்கைப் பொத்த வைக்கும் எருவின் நெடி. குழாயில் இருந்து வந்த ஒயரை ரவுட்டரின் மஞ்சள் துளையில் குத்தச் சொன்னார் ஜீவானந்தம், விட்டு விட்டுக் கேட்ட போனில். நீலத் துளையில் குத்தினால் அது தனிக்குடித்தனம் போய்விடுமாம். மஞ்சளில் குத்தினேன். இனி கரண்ட் கொடுக்க வேண்டும். சுவரில் கன்ட்ரோல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பாயிண்ட் சும்மா இருந்தது. அதில் செருகக் கையை நீட்டினேன்.

“அய்யோ அண்ணி, அதுல வேண்டாம்!” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை சில்லென்று இருந்தது.

அது பேட்டரி பாயிண்ட். கரண்ட் போனாலும் கன்ட்ரோல் பெட்டி உயிரோடு இருக்க அந்த பேட்டரிதான் சோறு போடுகிறது. அதில் ஒரு செல்போன் சார்ஜர் கூடப் போடக் கூடாது, அத்தாயிக்கும் அதே சட்டம். பேட்டரி இறங்கிப் போனால் என்ன செய்வது என்ற பயம். “சரி தாயே” என்று நான் பக்கத்துச் சுவரில் லைட்டுக்கு இருந்த பாயிண்டில் செருகினேன். ரவுட்டரில் விளக்குகள் பச்சையாக எரிந்தன. “எல்லா லைட்டும் எரியுதுங்களா?” என்று போனில் கேட்டார் ஜீவானந்தம். “எரியுது” என்றேன். அவர் எந்த பாயிண்ட் என்று கேட்கவில்லை. உள்ளே வந்திருந்தால் கண்ணாலேயே பார்த்திருப்பார்.

“கடைசியா, மெயின ஒரு தரம் அணைச்சுப் பார்த்துருவமுங்க. சங்கு வருதான்னு தெரிஞ்சிரும்” என்றார். அக்சிலியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. உச்சிவெயிலில், கனத்த கோழியை உள்ளே வைத்துக்கொண்டு விசிறியை நிறுத்துவதா? முடியவே முடியாது என்றுவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை, எனக்கும் கொஞ்சம் உதறல்தான். கன்ட்ரோல் பெட்டியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினோம். வீட்டில் வைத்திருந்த அவள் போன் அலறியது கொட்டகை வாசல் வரைக்கும் கேட்டது. இருக்கிறதிலேயே பெரிய சங்காகத் தேடி வைத்திருந்தாள் மகராசி. கேட்டில் ஜீவானந்தம் கை தட்டினார். மோர் குடித்துவிட்டு, “ஏதாச்சுன்னா கூப்புடுங்க, வாரேனுங்க” என்று கிளம்பிப் போனார்.

வீட்டுக்கு வந்து அக்சிலியா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் விசிறிகள் எல்லாம் பச்சை, சூடு எவ்வளவு என்று எழுதியிருந்தது. “அண்ணி, இனி நெசமாவே காது குடுக்க வேண்டியதில்லீங்களா?” என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. “வேண்டாஞ்சாமி. போனை எங்கிட்டக் குடு. நீ போய்ப் படு. அதுக்கு ஏதாச்சும்னா இது ஊரையே எழுப்பும்” என்றேன். சோற்றைக் கூட ஒழுங்காகச் சாப்பிடாமல் போய்ப் படுத்தாள். படுத்த நிமிசம் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு அப்படி ஒரு தூக்கம். எனக்கு மனசு நிறைந்துபோனது. நான் ஹாலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, இனி பிரான்சிஸ் வீட்டோடு இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அத்தாயியும் சாப்பிட அவள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

அக்சிலியா கட்டிலில் இருந்து எழவில்லை, விழுந்தாள். பொத்தென்று சத்தம் கேட்டுத் திரும்பினால் என்னைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். செருப்பில்லை, தலை அவிழ்ந்து கிடந்தது.

“என்ன சாமி? என்னாச்சு?”

“சத்தம் இல்ல அண்ணி!”

போனைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. என் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கெட்ட கனவு கண்டுவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். திட்டிக்கொண்டே அவள் பின்னால் வாசலுக்கு வந்தேன். தோட்டம் முழுக்க அமைதி. இரைச்சல் இல்லை. கரண்ட் போய், வீட்டு ஃபேன் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வெயிலில் மண் காலைச் சுட்டது. பத்து எட்டு வைப்பதற்குள் மதன் கொட்டகை, காதுகுத்து, வெதுவெதுப்பு என்று அவள் போனில் சொன்னதெல்லாம் மண்டைக்குள் ஓடியது.

கன்ட்ரோல் ரூமில் கன்ட்ரோல் பெட்டி சிவப்பாக மின்னிக்கொண்டு குருவி மாதிரி கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு உயிர் இருந்தது. பக்கத்தில் நான் மாட்டிய ரவுட்டர் இருண்டு கிடந்தது. ஒரு விளக்கு இல்லை. பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. கரண்ட் போன செய்தியைச் சுமந்துகொண்டு போக வேண்டிய ரவுட்டருக்கே கரண்ட் இல்லை. கையில் இருந்த போன் கடைசியாக வந்த பச்சையையே காட்டிக்கொண்டிருக்கிறது. நான் அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“கதவு! அண்ணி, கோடிக் கதவத் தெறங்க!”

உள்ளே ஓடினேன். அந்த வெக்கையை எப்படிச் சொல்வது? முகத்தில் ஈரத்துணியைப் போட்டு அமுக்கியது போல இருந்தது. எத்தனை ஆயிரம் கோழி! அத்தனையும் இறக்கையைத் தூக்கிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, கழுத்து விடைத்து இரைத்தன. கூவவில்லை, கொக்கரிக்கவில்லை. அந்த இரைப்பு மட்டும்தான் சத்தம். கால் வைக்க இடமில்லை, விலகக் கூட அவற்றுக்குத் தெம்பில்லை. சிலது ஏற்கெனவே பக்கவாட்டில் சாய்ந்து காலை இழுத்துக்கொண்டிருந்தது. மாதாவே, மாதாவே என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டு போனேன். கோடிக் கதவின் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. குத்தினேன், உதைத்தேன், உள்ளங்கை கிழிந்தது. என் கத்தலைக் கேட்டு ஓடி வந்த அத்தாயி வெளியில் இருந்து கடப்பாரையால் நெம்பினாள். கதவு திறந்தது. வெளியில் இருந்து வந்தது அனல் காற்றுத்தான். ஆனாலும் காற்று.

அந்தப் பக்கம் ஜெனரேட்டர் செட்டில் இருந்து ‘கட், கட்’ என்று ஒரு சத்தம் வந்தது, நின்றது. மறுபடி வந்தது, நின்றது. ஓடவில்லை. எட்டிப் பார்த்தேன். அக்சிலியா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். ஜெனரேட்டர் பேட்டரியின் முனையில் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி பூத்திருந்ததைத் தன் நைட்டியின் ஓரத்தால் தேய்த்தாள், நகத்தால் சுரண்டினாள், ஒயரை அழுத்தித் திருகினாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. பிரார்த்தனை என்று நினைத்தேன். கிட்டப் போனதும் கேட்டது. “ஊட்டுக்கு வந்துருங்க, ஊட்டுக்கு வந்துருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேரளாவில் எங்கேயோ ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருக்கிற என் தம்பியிடம். சாவியைத் திருகினாள். எஞ்சின் இருமியது, கரும்புகை கக்கியது, ஓடத் தொடங்கியது.

ஒவ்வொரு விசிறியாகச் சுழல ஆரம்பித்தது. அட்டைச் சுவரில் தண்ணீர் இறங்கியது. நாங்கள் மூன்று பேரும் கொட்டகையின் நடுவில் போய் நின்றோம். கதவோரத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் கிடந்தன, அவை எழாது. மற்றவை இரைத்துக்கொண்டே இருந்தன. எவ்வளவு நேரமோ தெரியாது, முதலில் ஒரு கோழி வாயை மூடியது. பிறகு பக்கத்தில் இருந்தது. பிறகு ஒன்று எழுந்து தள்ளாடித் தண்ணீர்க் குழாயைப் போய்க் கொத்தியது. அத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்சிலியா எருவின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தது அவளுக்காகவா எனக்காகவா என்று கேட்டால் எனக்காகத்தான்.

அப்போது என் கையில் இருந்த போன் அலறியது.

ஜெனரேட்டர் கரண்ட் வந்ததும் ரவுட்டர் விழித்துக்கொண்டு, தேங்கிக் கிடந்த செய்தியை அனுப்பியிருக்கிறது. கொட்டகையில் கரண்ட் போய்விட்டது, கரண்ட் போய்விட்டது என்று அந்தப் பெரிய சங்கு ஊதியது. மூலையில் இருந்த கோழிகள் விருக்கென்று எழுந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறின.

அக்சிலியா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணி, அத அணைங்க” என்றாள், தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில். “கோழி பயந்துக்கும்.”

எதை அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளே கையை நீட்டி வாங்கி அணைத்தாள்.